இறைச்சியின் நஷ்டமும் ஒயினின் லாபமும்

சமைக்காத மாட்டிறைச்சித் துண்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, விருந்தினரின் மேஜையருகே கொண்டுவந்து நிறுத்தி, இது இன்ன பாகம், இதன் எடை இவ்வளவு, இதில் கொழுப்பு இழை இப்படி ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விவரிக்கும் வழக்கம், மோர்ட்டன்ஸ் என்னும் அமெரிக்கப் போஜனசாலைத் தொடரில் நெடுங்காலம் இருந்தது. வாங்குகிறவர் பொருளைத் தம் கண்ணாலேயே பார்த்து நிச்சயம் செய்துகொள்ளட்டும் என்னும் அந்த மனோபாவம் மெச்சத்தக்கதே. ஆனால் அதே மேஜைக்கு அடுத்தபடியாக வந்து சேரும் ஒயின் பட்டியலில் அந்தப் பகிரங்கத்தைக் காண முடியாது. தடித்த அட்டைக்குள்ளே பெயரும் விளைந்த ஆண்டும் விலையும் வரிசையாக இருக்கும். அந்தப் புட்டி தெருக்கோடிக் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கும், இத்தனை ஒயின்களுக்குள் இவை மட்டும் ஏன் பொறுக்கி எடுக்கப்பட்டன என்பவை மட்டும் இரா. நெருப்பில் வாட்டிய ஸ்டேக்கையே மூலதனமாகக் கொண்டு நாடெங்கும் கிளை பரப்பிய இந்த ஸ்தாபனங்களில் ஒயினின் தரமும் விலையும் எவ்வாறு இன்றுள்ள நிலைக்கு வந்தன என்பதை ஆராயப் புகுந்தால், சமையலறையைவிட அதிகமாகச் சட்டசபைகளையும் கணக்கர்களின் மேஜைகளையும் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

ஆரம்பம் கௌரவமாகவே இருந்தது. சுவிட்சர்லாந்தின் டிச்சினோ பிரதேசத்திலிருந்து வந்த டெல்மோனிக்கோ சகோதரர்கள் 1827-இல் நியூயார்க் வில்லியம் தெருவில் ஒரு சிறிய பலகாரக் கடையைத் திறந்தார்கள். இளையவரான ஜான், முன்பு கப்பல் தலைவராக இருந்து, பிறகு ஒயினைப் பீப்பாயாக வாங்கிப் புட்டியில் அடைத்து விற்கும் வியாபாரத்தில் இறங்கியவர். ஆகவே 1837-இல் அவர்கள் பெரிய போஜனசாலையைக் கட்டியபோது, பிற்காலத்தில் அவர்கள் பெயரையே தாங்கிப் பிரசித்தி பெற்ற ஸ்டேக்கும் பிரான்ஸிலிருந்து வந்த ஒயினும் ஒரே கூரையின்கீழ்ச் சமமான மரியாதையோடு வாழ்ந்தன. விலையோடு அச்சிட்ட பட்டியலை மேஜையில் வைப்பதே புதுமையாக இருந்த அக்காலத்தில், அவர்களுடைய பட்டியல் பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் பல பக்கங்களுக்கு நீண்டது. ஒயினை அறிந்த குடும்பம் ஒயினை விற்றது என்ற ஒன்றே அங்கே தரத்துக்கு உத்தரவாதமாக இருந்தது.

எனினும் இன்றைய ஸ்டேக் ஹவுஸ் டெல்மோனிக்கோவின் நேர் வாரிசு என்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை. அதன் மற்றொரு மூதாதை மிகவும் முரடானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நியூயார்க்கில் அரசியல் கட்சிக்காரர்களும் தொழிற்சங்கத்தாரும் கூடி, கத்தியும் முள்ளும் இல்லாமல், வெண்ணெயில் தோய்ந்த இறைச்சித் துண்டுகளைக் கையாலேயே எடுத்துத் தின்று, பீரைக் குடம் குடமாகக் குடித்த விருந்துகள் நடந்தன. ரம்பத்தூள் தூவிய தரையும், புகை படிந்த சுவரும், வயோதிகப் பரிசாரகர்களின் சிடுசிடுப்புமாக இருந்த சாப்பாட்டுக் கடைகளும் அதே பரம்பரையைச் சேர்ந்தவை. புரூக்ளினில் 1887-இல் காரல் லூகரின் பெயரால் தொடங்கிய கடை, காப்பியோடு பில்லியர்ட்ஸ் மேஜையும் பந்துருட்டும் கூடமும் கொண்ட ஜெர்மானியர் கூடுமிடமாகவே இருந்தது. பீட்டர் லூகர் என்ற பெயரில் அது ஸ்டேக்குக்குப் பெயர் போனது பிற்பாடுதான். இந்தக் கடைகளின் பானம் பீரும் விஸ்கியுமே. ஒயின் அங்கே விருந்தாளியாகக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

பீரும் விஸ்கியும் ஒயினும் ஒன்றாக வீழ்ந்த நாள் 1920 ஜனவரி 17. அன்று அமலுக்கு வந்த மதுவிலக்கு பதின்மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் நீடித்து, 1933 டிசம்பர் 5-இல் முடிந்தது. ஒயினை விற்க முடியாத டெல்மோனிக்கோஸ் 1923-இல் கதவைச் சாத்தியது. உயர்ந்த சமையல் மட்டும் ஒரு பெரிய போஜனசாலையைத் தாங்காது, புட்டியின் லாபமே அதைத் தாங்குகிறது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் வெட்டவெளிச்சமாயிற்று. அதே காலத்தில், 1926-இல், போசி, கான்சி என்னும் இரு இத்தாலியர்கள் நியூயார்க்கில் பாம் என்ற கடையைத் திறந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அங்கே கூடினார்கள். ஸ்டேக் கேட்டவருக்கு அக்கம்பக்கத்து இறைச்சிக் கடையிலிருந்து வாங்கி வந்து சமைத்துக் கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் கிரிஸ் மாத்துலிச் என்பவர் தம் பெயரால் ஒரு ஸ்டேக் கடையைத் தொடங்கினார். இவ்விரண்டும் பிற்காலத்தில் பெரிய தொடர்களாக விருத்தியடைந்தன என்பதையும், இரண்டுமே ஒயின் சட்ட விரோதமாயிருந்த காலத்துக் குழந்தைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மதுவிலக்கு விட்டுச் சென்ற சேதம் அது நீங்கியபின்னும் நெடுநாள் இருந்தது. வீட்டில் காய்ச்சிக்கொள்வோருக்கு ரயிலில் அனுப்பத் தோதான, தடித்த தோலுடைய மட்டரகத் திராட்சையே கலிபோர்னியாத் தோட்டங்களில் மிகுதியாக நடப்பட்டிருந்தது. உயர்ந்த கொடிகள் பிடுங்கப்பட்டிருந்தன. அமெரிக்கர் வெகுகாலம் வாங்கியது உணவோடு அருந்தும் ஒயினை அன்று, சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினையே; இந்த விகிதம் தலைகீழாக மாற 1960-களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதைவிடப் பெரிய விளைவு சட்டத்தில் ஏற்பட்டது. மதுவிலக்கை நீக்கிய இருபத்தோராம் அரசியல் திருத்தம் மது சம்பந்தமான அதிகாரத்தை ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒப்படைத்தது. உற்பத்தியாளர் மொத்த வியாபாரிக்கும், மொத்த வியாபாரி கடைக்காரருக்கோ போஜனசாலைக்கோ மட்டுமே விற்கலாம் என்ற மூன்று படி ஏற்பாடு பெரும்பாலான மாகாணங்களில் வேரூன்றியது. பென்சில்வேனியா போன்ற சில இடங்களில் ராஜாங்கமே மொத்த வியாபாரியாக அமர்ந்தது. ஆகவே தோட்டத்துக்காரரின் கிடங்கிலிருந்து விருந்தினரின் கிண்ணத்தை அடைவதற்குள் ஒயின் ஒவ்வொரு படியிலும் ஒரு லாபத்தைச் சுமந்துகொள்கிறது. பல மாகாணங்களில் கிளை வைத்த ஸ்தாபனமோ அத்தனை சட்டங்களுக்கும் தலைவணங்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் ஸ்டேக் மேஜையின் அதிபதி மார்ட்டினிதான். ஒயின் கேட்டவருக்குக் கலிபோர்னியாவிலேயே கலந்து, பர்கண்டி என்றும் ஷப்லி என்றும் பிரெஞ்சு ஊர்ப் பெயர் சூட்டிய சரக்கு கூஜாவில் வந்தது. ஃபிராங்க் ஷூன்மேக்கர் என்னும் ஒயின் எழுத்தாளரும் வியாபாரியும், இந்தப் பொய்ப் பெயர்களை ஒழித்து எந்தத் திராட்சையோ அதன் பெயரையே எழுதுங்கள் என்று 1930-களின் இறுதியிலிருந்து வற்புறுத்தி வந்தார். போஜனசாலைகள் சாவகாசமாகவே காது கொடுத்தன. இதற்கிடையில், ஒயினின் விலையைப் பிற்காலத்தில் நிர்ணயிக்கப்போகும் ஒரு சக்தி வேறிடத்தில் பிறந்தது. 1950 பிப்ரவரியில் ஃபிராங்க் மக்னமாரா என்பவர் நியூயார்க்கின் மேஜர்ஸ் கேபின் கிரில்லில் சாப்பிட்டுவிட்டு, ரொக்கத்துக்குப் பதிலாக டைனர்ஸ் கிளப்பின் அட்டையை நீட்டினார். கையிலிருந்து காசு எண்ணாமல் சாப்பிடுகிறவருக்கும், சாப்பிட்ட தொகையைக் கம்பெனியின் கணக்கில் எழுதுகிறவருக்கும் இடையிலுள்ள தூரம் மிகச் சிறியது. வியாபார விருந்தின் செலவை வருமான வரியிலிருந்து முழுவதும் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி அந்தத் தூரத்தையும் இல்லாமல் செய்தது. 1976-இல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஜிம்மி கார்ட்டர், செல்வர்கள் மதிய உணவோடு மார்ட்டினி குடித்து அதற்கான வரிப் பளுவை உழைப்பாளியின் தலையில் ஏற்றுகிறார்கள் என்று பேசியது, இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

அந்த 1976 பல வகையில் விசேஷமான ஆண்டு. மே மாதம் பாரிஸில், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி, பிரெஞ்சு நிபுணர்களைக் கொண்டே, பெயரை மறைத்து ஒயின்களை ருசிபார்க்கச் செய்தபோது, நாப்பா பள்ளத்தாக்கின் ஸ்டாக்ஸ் லீப் கேபர்னே சாவின்யோன் போர்தோவின் பெரும் பெயர்களை வென்றது. அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸில், கிரிஸ் மாத்துலிச்சின் கடையை 1965-இல் தம் வீட்டை அடமானம் வைத்து 22,000 டாலர் கடன் பெற்று வாங்கியிருந்த ரூத் ஃபெர்ட்டல் என்னும் அம்மையாருடைய கட்டிடம் தீக்கிரையாயிற்று. பழைய பெயரை வேறு இடத்தில் வைக்கலாகாது என்ற ஒப்பந்த நிபந்தனையால் தம் பெயரை முன்னே சேர்த்து, ரூத்ஸ் கிரிஸ் என்று அவர் புதிய இடத்தில் தொடங்கினார். அவ்வாண்டிலேயே பேட்டன் ரூஜில் முதல் உரிமக் கிளையும் திறந்தது. அடுத்த ஆண்டு ஆலன் ஸ்டில்மன் நியூயார்க்கில் ஸ்மித் அண்ட் வொலென்ஸ்கியைத் திறந்தார். ஸ்மித் என்றும் வொலென்ஸ்கி என்றும் யாரும் இல்லை, டெலிபோன் புத்தகத்திலிருந்து பொறுக்கிய பெயர்கள். 1978-இல் சிகாகோவில் மோர்ட்டன்ஸ் வந்தது. கம்பெனிக் கணக்கில் சாப்பிடும் விருந்தினர், நாடெங்கும் ஒரே தரமான ஸ்டேக், தன் நாட்டு ஒயினைப் பற்றி முதன்முதலாகப் பெருமை கொண்ட தேசம் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வேளையில் கைகோத்தன.

கேபர்னேயும் ஸ்டேக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியது வெறும் விளம்பரமன்று. அந்தத் திராட்சையின் தோலிலும் விதையிலுமிருந்து இறங்கும் துவர்ப்பு வாயின் ஈரத்திலுள்ள புரதத்தோடு சேர்ந்து நாக்கை வறட்டும். கொழுப்பும் புரதமும் மிகுந்த இறைச்சி அந்த வறட்சியைத் தணிக்கும். கொழுத்த இறைச்சி இளம் ஒயினின் கடுமையை மறைப்பதால், இன்னும் பத்தாண்டு நிலவறையில் கிடக்க வேண்டிய புட்டியையும் இன்றே திறந்து விற்றுவிடலாம் என்பது போஜனசாலைக்காரருக்குக் கிட்டிய உபரி அநுகூலம். ஒயினை முதிர வைப்பதென்றால் பணத்தை முடக்கிப் போட வேண்டும். தொடர் ஸ்தாபனத்தின் பங்குதாரர்கள் அத்தனை பொறுமைசாலிகள் அல்லர்.

விலையின் கணிதத்தை இனிப் பார்க்கலாம். உயர்ந்த ரகமென்று ராஜாங்க முத்திரை பெற்ற மாட்டிறைச்சி விலை மிகுந்தது. சாதாரணப் போஜனசாலையில் உணவின் மூலக் கிரயம் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது தொழில் மரபு. ஸ்டேக் அந்த வரம்பில் அடங்குவதில்லை. அறுபது டாலருக்கு விற்கும் துண்டுக்கு இருபத்தைந்து டாலர் இறைச்சிக்கே போய்விட்டால், மீதியில் வாடகை, கூலி, நெருப்பு, துணி வெளுப்பு எல்லாம் நடந்தாக வேண்டும். சினிமாக் கொட்டகைக்காரர் இடைவேளைச் சோடாவில் பிழைப்பதுபோல, ஸ்டேக் கடைக்காரர் ஒயினில் பிழைக்கிறார். மொத்த வியாபாரி 20 டாலருக்குக் கொடுக்கும் புட்டி, கடையில் 30 டாலர் அளவில் விற்குமானால், இங்கே 60 டாலராகப் பட்டியலில் ஏறும். மூன்று மடங்கு என்பது சாமானியமான விகிதம். விலை உயர உயர மடங்கு குறைவதும் உண்டு. 200 டாலர்க் கொள்முதலை மூன்றால் பெருக்கினால் கம்பெனிக் கணக்குக்காரரும் திகைத்துப் போவார். கிண்ணக் கணக்கு இன்னும் சூக்ஷ்மமானது. 750 மில்லி லிட்டர்ப் புட்டி ஐந்து கிண்ணமாகும். முதல் கிண்ணத்தின் விலையே புட்டியின் கொள்முதலைத் தந்துவிட வேண்டும் என்பது இத்தொழிலில் எழுதப்படாத சாஸ்திரம். புட்டி திறந்தபின் கெட்டுப்போகலாம், மெல்லிய கண்ணாடிக் கிண்ணங்கள் உடையலாம், நிலவறைக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று அவர்கள் சொல்லும் சமாதானத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தக்கையை உருவும் ஒரு நிமிஷ வேலைக்கு, ஒரு திராட்சைக் கொடி ஒரு வருஷம் பட்ட பாட்டைவிட அதிக ஊதியம் கிடைப்பதை அந்தச் சமாதானம் மறைக்கப் போதாது.

பட்டியலில் கடைசிக்கு முந்திய மலிவுப் புட்டிதான் விருந்தினரை ஏமாற்றும் புட்டி, ஏனெனில் கருமி என்று எண்ணப்படச் சங்கோசப்படுகிறவர் அதையே கேட்பார் என்று ஒரு நம்பிக்கை உலகெங்கும் உண்டு. லண்டன் போஜனசாலைகளின் பட்டியல்களை ஆராய்ந்த இரு பொருளியல் அறிஞர்கள் 2021-இல் இதை மறுத்தார்கள். லாப விகிதம் உச்சம் பெறுவது பட்டியலின் நடுப்பகுதியில் என்று கண்டார்கள். கருமியைவிட நடுவிலையைக் கேட்பவரே அதிகம் கொடுக்கிறார் போலும்.

தொடர்களின் பட்டியலில் எந்த ஒயின் இடம் பெறுகிறது என்பதை நாவைவிடக் கிடங்கே தீர்மானிக்கிறது. நாட்டின் பல மூலைகளிலும் கிளை வைத்தவருக்கு எல்லா மாகாணங்களிலும், எல்லா மாதங்களிலும், தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் சரக்கு வேண்டும். வருஷத்துக்கு ஐந்நூறு பெட்டி செய்யும் தோட்டக்காரர், அவர் கைவண்ணம் எத்தகையதாயினும், தலைமை அலுவலகத்து வாசலிலேயே நின்றுவிடுவார். 1972-இல் தொடங்கி, அமெரிக்க ஓக் பீப்பாயில் முதிரவைத்து, குடிக்கும் பதத்தில் வெளியிட்ட சில்வர் ஓக், அதே ஆண்டில் பிறந்த கேமஸ், ஜோர்டன், ஒயின் தயாரிப்பாளர்களான மொண்டாவியும் ரோத்சைல்டு பிரபுவும் சேர்ந்து 1979-ஆம் வருஷ விளைச்சலில் தொடங்கிய ஓபஸ் ஒன் ஆகிய பெயர்கள் ஸ்டேக் ஹவுஸ் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். இவை தாழ்ந்த ஒயின்கள் அல்ல. அவற்றில் சில மிக நல்லவை. ஆனால் வாடிக்கையாளர் ஒருவரை விருந்துக்கு அழைத்து வந்த வியாபாரி, தெரிந்த பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்புகிறார். அந்த அச்சத்துக்கும் சேர்த்தே விலை போடப்படுகிறது.

1986-ஆம் வருஷ வரிச் சட்டம் விருந்துச் செலவில் 80 சதவீதத்தை மட்டுமே கழிக்க அனுமதித்தது; 1993-ஆம் வருஷச் சட்டம் அதை 50 சதவீதமாக்கியது. ஸ்டேக் ஹவுஸ் இத்தோடு ஒழிந்தது என்று ஆரூடம் சொன்னவர்கள் தோற்றார்கள். 1990-இல் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கிய கேபிடல் கிரில், வாடிக்கையாளர் தம் சொந்தப் புட்டிகளை வைத்துப் பூட்டிக்கொள்ளப் பெயர்ப் பலகை பொறித்த அலமாரிகளை வாடகைக்கு விட்டது. சிவப்பு ஒயின் இருதயத்துக்கு நல்லது என்ற கருத்தை 1991 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி பரப்பிவிட, அதன் விற்பனை நாடெங்கும் குதித்தெழுந்தது. 1998-இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் பிறந்த ஃப்ளெமிங்ஸ், நூறு ஒயின்களையும் கிண்ணக் கணக்கிலேயே வாங்கலாம் என்று அறிவித்தது. முழுப் புட்டிக்குப் பணம் கட்டிச் சூதாடாமல் பழகாத ஒயினைப் பரீட்சித்துப் பார்க்க இடம் தந்த இந்த ஏற்பாட்டை, தொடர்கள் ஒயினுக்குச் செய்த மிகப் பெரிய உபகாரமாக நான் மதிக்கிறேன். ஸ்மித் அண்ட் வொலென்ஸ்கி, மதிய உணவோடு சிறு தொகைக்குப் பத்து வகை ஒயின்களை ஊற்றிக் கொடுத்த ஒயின் வாரமும் இவ்வகையைச் சேர்ந்ததே. குடும்பங்களுக்கான மலிவுத் தொடர்களின் கதை வேறு. அட்லாண்டாவில் லாங்ஹார்ன் பிழைத்தது, 1982 ஜனவரிப் பனிப்புயலில் தெருவில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு டாலருக்கு மது ஊற்றியதால். அங்கே ஒயின் பட்டியல் என்று சொல்லத்தக்கது எப்போதும் இருந்ததில்லை.

இவ்வளவுக்கும் மாறான ஓர் உதாரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால், மூன்று மடங்கு விலை ஏதோ இயற்கை நியதி என்று வாசகர் எண்ணிவிடக்கூடும். ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் பெர்ன் லாக்ஸரும் அவர் மனைவி கெர்ட்டும் 1956-இல் தொடங்கிய பெர்ன்ஸ் ஸ்டேக் ஹவுஸ், தொடரன்று, ஒற்றைக் கடை. லாக்ஸர் ஒயினை விற்பதற்காக வாங்கினாரா, வாங்குவதற்காகவே ஸ்டேக் விற்றாரா என்று சந்தேகம் தோன்றும் அளவுக்குச் சேகரித்தார். சேமிப்பு ஐந்து லட்சம் புட்டிகளைத் தாண்டியது. பட்டியலோ மேஜையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட பெரும் புத்தகமாயிற்று. வாங்கிய காலத்து விலையின்மீது மிதமான லாபம் வைத்து, ஒயின் முதிர்ந்து வெளிச்சந்தையில் பன்மடங்கு ஏறியபிறகும் பட்டியல் விலையை அதற்கேற்றபடி உயர்த்தாமலிருந்த அவருடைய வழக்கத்தால், முப்பது நாற்பது ஆண்டு முதிர்ந்த ஒயின் வேறெங்கும் காணாத விலைக்கு அங்கே கிடைத்தது. ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை 1981-இல் தன் உயரிய விருதை முதன்முதல் வழங்கியபோது பெற்றவற்றுள் பெர்ன்ஸும் ஒன்று. அந்தப் பத்திரிகையின் கீழ்ப்படி விருதுகளைப் பற்றி அதே உறுதியோடு பேச முடியாது: 2008-இல் ராபின் கோல்ட்ஸ்டைன் என்பவர், மிலான் நகரில் இல்லாத ஒரு போஜனசாலைக்குப் பெயர் சூட்டி, பட்டியல் தயாரித்து, 250 டாலர் கட்டணத்தோடு அனுப்பி, விருதும் பெற்றுவிட்டார். தொடர் போஜனசாலைகளின் கிளைதோறும் சுவரில் தொங்கும் சான்றிதழ்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

பிறகு நடந்தது உடைமை மாற்றங்களின் வரலாறு. ஆர்லாண்டோவிலுள்ள டார்டன் நிறுவனம் 2007-இல் கேபிடல் கிரில்லையும் லாங்ஹார்னையும் ஒருசேர வாங்கியது. 2023-இல் சுமார் 71 கோடியே 50 லட்சம் டாலருக்கு ரூத்ஸ் கிரிஸையும் வாங்கியது. மோர்ட்டன்ஸ் 2012-இலும், பாம் 2020-இலும் ஹூஸ்டனின் லாண்ட்ரீஸ் வசமாயின. வாங்குகிறவர்கள் பெருத்ததற்கு ஈடாக விற்கிறவர்களும் பெருத்தார்கள்: 2016-இல் இரண்டு மொத்த வியாபார ஸ்தாபனங்கள் இணைந்து சதர்ன் கிளேசர்ஸ் என்னும் பிரம்மாண்டமாயின. இதனால் பட்டியல்களில் கெட்ட ஒயின் அநேகமாக மறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு கூஜாவில் வந்த பொய்ப் பர்கண்டியை இன்று யாரும் எந்தக் கிளையிலும் ஊற்றுவதில்லை. ஆச்சரியமும் அதனோடு சேர்ந்து மறைந்துவிட்டது. என் அபிப்பிராயத்தில், பெருந்தொடர்களின் ஒயின் பட்டியல் இன்று தரத்தில் குறை சொல்ல முடியாதது, தேர்வில் சோம்பல் மிகுந்தது, விலையில் நியாயமற்றது. அங்கே போக நேர்ந்தவர், வெளியிலிருந்து கொண்டுவரும் புட்டியைத் திறக்க என்ன கட்டணம் என்பதை முதலில் விசாரித்துவிட்டு, அதன்பிறகு பட்டியலைப் புரட்டுவதே உசிதம்.